அடங்கினால் போதுமா?

"பேய் பிடித்திருக்கிறது" என்றான் பூசாரி, பிரம்பை எடுத்தான். "வெறி முற்றியிருக்கிறது" என்றார் மருத்துவர், கத்தியை எடுத்தார். முன்னவனை நோக்கி, "பேயைக் கண்டாயா? அடித்ததால் அது ஓடியது என்பதற்குச் சான்று உண்டா?" என்று கேட்கக் கற்றவர்கள் நாம். பின்னவரை நோக்கியும் அதே கேள்வியைக் கேட்கலாமா? கேட்டால் அறிவியலுக்குப் பகைவர் ஆகிவிடுவோமா? பகுத்தறிவு விளக்கைப் பூசாரியின் வாசலில் மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, மருத்துவமனை வாசலில் அணைத்துவிட வேண்டுமா? இந்த வினாக்களோடு, மனநோய் தீர்ப்பதற்காக மனிதனின் மூளையை அறுத்த வரலாற்றைக் காண்போம். லிஸ்பனில் வேகம் கொண்ட அந்த வரலாறு சென்னைக்கும் வந்தது. அதில் திருச்சிக்கும் பங்குண்டு.

ஸ்ரீரங்கம் என்று பெயர்ப்பலகை கூறும் நம் திருவரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து, முசிறிச் சாலையில் மேற்கே சென்றால் குணசீலம் வரும். மனம் பேதலித்தோரை அங்கே அழைத்து வந்து, 48 நாள் தங்கவைத்து, தீர்த்தம் தெளித்தால் தெளிவு பிறக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. அங்கே வருவோரை எள்ளி நகையாட நாம் இதை எழுதவில்லை. இரவெல்லாம் கூச்சலிடும் மகனோடும், சோறு உண்ண மறுத்துச் சுவரையே பார்த்திருக்கும் மகளோடும் ஒரு தாய் எங்கே போவாள்? அவள் கண்ணீர் பொய்யன்று. அந்தக் கண்ணீருக்கு இந்த நாடு எத்தகைய விடைகளைத் தந்தது என்பதே நம் கேள்வி.

ஒரு விடையை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் உலகமே கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர். கோவிலோ தர்காவோ, சங்கிலி சங்கிலிதான். அதைக் கண்டு கொதித்தோம், கொதித்தது சரி. ஆனால், இருப்புச் சங்கிலியைக் கண்டு கொதிக்கத் தெரிந்தவன், கண்ணுக்குத் தெரியாமல் மண்டைக்குள்ளே பூட்டப்படும் சங்கிலி ஒன்று உண்டா என்பதையும் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டவன்.

மூளையை அறுத்து மனத்தை மாற்றலாம் என்ற எண்ணம் பழையது. 1888இல் சுவிட்சர்லாந்தில் காட்லீப் பர்க்கார்ட் என்ற மனநல மருத்துவர், ஆறு நோயாளிகளின் மூளை மேற்பரப்பிலிருந்து சிறு சிறு பகுதிகளை வெட்டி எடுத்தார். ஒருவர் சில நாட்களில் இறந்தார். சக மருத்துவர்கள் கண்டித்தனர். பர்க்கார்டும் முயற்சியைக் கைவிட்டார். அறிவுலகம் அன்று தடுத்தது. ஆனால் அரை நூற்றாண்டுக்குள் அதே அறிவுலகம் கைதட்டி வரவேற்கும் நிலைக்கு மாறிற்று. மாறியதற்குக் காரணம் என்ன?

1935இல் இலண்டன் மாநகரில் நரம்பியல் அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. ஃபுல்டன், ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், நெற்றிப்புற மூளை நீக்கப்பட்ட இரு சிம்பன்சிக் குரங்குகளைப் பற்றிப் பேசினர். முன்பெல்லாம் சிறு ஏமாற்றத்துக்கும் சீறி விழுந்த ஒன்று, அறுவைக்குப்பின் அமைதியடைந்தது. மற்றொன்றோ, அதற்கு முன் சாதுவாக இருந்தது, அறுவைக்குப்பின் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. முதற்செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை. வேண்டியதைக் கேட்டு வேண்டாததை விடும் செவி பக்தனுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். படித்தவர்க்கும் அது உண்டு.

அம்மாநாட்டில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ். அவர் சிறியவர் அல்லர். மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் காணும் முறையை 1927இலேயே கண்டவர். அவர் விரல்களைக் கீல்வாதம் முடக்கியிருந்தது. ஆகவே அல்மெய்டா லிமா என்ற அறுவை மருத்துவரைக் கொண்டு, 1935 நவம்பர் 12ஆம் நாள் லிஸ்பனில் முதல் அறுவையைச் செய்வித்தார். மண்டையில் துளையிட்டு, நெற்றிப்புற மூளையின் வெண்ணிற இழைகளை ஆல்கஹால் செலுத்தி அழித்தனர்; பின்னர், அவ்விழைகளை அறுக்கவென்றே கருவியும் செய்தனர். முதல் 20 பேரில் 7 பேர் குணமடைந்தனர், 7 பேர் தேறினர், 6 பேர் அப்படியே உள்ளனர் என்று 1936இல் அறிவித்தார் மோனிஸ். அறுவைக்கும் அறிவிப்புக்கும் இடையே கழிந்தவை சில மாதங்களே! மூளையை அறுத்தபின் ஒரு மனிதன் பத்தாண்டு எப்படி வாழ்வான் என்பதைச் சில மாதங்களில் காண முடியுமா? ஆயினும், 1949இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் வால்ட்டர் ஃப்ரீமன் என்பவர் இம்முறையைக் கையில் எடுத்தார். அவர் நரம்பியல் அறிந்தவரே அன்றி அறுவைப் பயிற்சி பெற்றவர் அல்லர். 1936இல் ஜேம்ஸ் வாட்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து தொடங்கினார். 'லோபாட்டமி' என்ற பெயரும் வைத்தார். 1946இல், மண்டையில் துளையிடுவதும் வேண்டா என்று முடிவு கட்டி, கண்குழியின் மேல்பக்க எலும்பு வழியே கூரிய கம்பியைச் சுத்தியால் தட்டிச் செலுத்தி, அசைத்து, இழைகளை அறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பனிக்கட்டி உடைக்கும் ஊசியைப் போன்ற கருவி. மயக்க மருந்துக்கு மாறாக மின் அதிர்ச்சி. வாட்ஸ் மனம் வெதும்பி விலகினார். ஃப்ரீமன் விலகவில்லை. காரில் ஏறி மாநிலம் மாநிலமாகச் சென்றார். ஏறத்தாழ 3,500 பேருக்கு அவர் செய்தார் என்பது கணக்கு. அமெரிக்காவில் மொத்தம் 40,000 முதல் 50,000 பேர் வரை இவ்வறுவைக்கு ஆளாயினர்.

யார் அவர்கள்? பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி அவர்களுள் ஒருவர். 1941இல், 23 வயதில், தந்தையின் முடிவுப்படி அவருக்கு அறுவை நடந்தது. நடையும் பேச்சும் குலைந்தன. எஞ்சிய வாழ்நாளை விடுதியிலேயே கழித்தார். ஹவர்ட் டல்லி மற்றொருவர். 1960இல் ஃப்ரீமன் அவர் மூளையில் கம்பியைச் செலுத்தியபோது வயது 12. சிறுவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பகற்கனவு காண்கிறான், படுக்கப் போகச் சொன்னால் மறுக்கிறான் என்பவை சிற்றன்னை கூறிய குறைகள். நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களாகிய நாம் இதைப் படிக்கும்போது நடுங்குகிறோம். இக்குறைகள் இல்லாத சிறுவர்கள் எந்த வகுப்பில் உளர்? டல்லி வளர்ந்து, 2007இல் தம் கதையைத் தாமே நூலாக எழுதினார். பல்லாயிரவரில் அப்படிப் பேச முடிந்தவர்கள் சிலரே.

சோவியத் நாடு 1950இல் இவ்வறுவையைத் தடை செய்தது. 1952இல் பாரிசில், டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்து மனப்பிறழ்வைத் தணிப்பதைக் கண்டறிந்தனர். மாத்திரை வந்ததும் கத்தியின் வேகம் குறைந்தது. 1967இல் ஃப்ரீமன் அறுத்த ஒரு பெண் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபின், அவர் மீண்டும் அறுவை செய்யவில்லை. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வீழ்ச்சியை உண்டாக்கியதும் அறிவியலே. இறந்தோரை எண்ணியவர்கள், தேறாதோரைப் பதிவு செய்தவர்கள், மாற்று மருந்து கண்டவர்கள் எல்லாரும் அறிவியலாரே. பேயோட்டியின் கணக்கேட்டில் தோல்விக்குப் பத்தி இல்லை. மருத்துவத்தின் ஏட்டில் உண்டு. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லிஸ்பனில் முதல் அறுவை நடந்து ஒன்பது ஆண்டு நிறைவதற்குள், பெங்களூர் மனநல மருத்துவமனையின் கோவிந்தசாமியும் அறுவை மருத்துவர் பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்குச் செய்த லூக்கோட்டமி அறுவை பற்றி, 1944இல் 'லான்செட்' இதழில் எழுதினர். அந்தக் காலத்து இந்தியாவின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1946இல் அளிக்கப்பட்ட போர் குழுவின் அறிக்கைப்படி, பிரிவினைக்கு முந்திய இந்தியா முழுமைக்கும் மனநோயாளிகளுக்கு இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 10,000. மக்கள் 40,000 பேருக்கு ஒரு படுக்கை! மருந்தில்லை, மருத்துவர் இல்லை, இடமில்லை. அந்த இருளில் எந்தக் கருவி மின்னினாலும் அது விளக்காகவே தோன்றியிருக்கும்.

சென்னையில் பைத்தியக்கார மருத்துவமனை தோன்றியது 1794இல். 1871இல் அது கீழ்ப்பாக்கம் சென்றது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். அந்த ஒரு சொல்லே நம் சமுதாயம் மனநோயாளியை எங்கே வைத்திருந்தது என்பதைக் காட்டிவிடும். மூளை அறுவையோ வேறிடத்தில் வளர்ந்தது. 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார் பா. இராமமூர்த்தி. 1922இல் சீர்காழியில் பிறந்த அவர் பள்ளிக்கல்வி பெற்றது நம் திருச்சியில். இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று திரும்பிய அவர், ஏதுமில்லாத இடத்தில் ஒரு துறையையே எழுப்பினார். தலைக்கட்டியாலும் விபத்துக் காயத்தாலும் மாண்டிருக்க வேண்டிய எத்தனையோ ஏழைகள் அத்துறையால் பிழைத்தனர். வி. பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் டி.எஸ். கனகா ஆகியோர் அத்துறையில் பணியாற்றினர். பெண் கத்தி பிடிப்பதா என்று கேட்ட காலத்தில் கத்தி பிடித்த கனகாவின் பெயரைப் பெருமையோடு சொல்வோம்.

அதே துறையில்தான், 1960களில், மனநோய்க்கான மூளை அறுவையின் புதிய வடிவம் வந்தது. ஃப்ரீமனைப் போல் கண்மூடிக் குத்துவதன்று அது. தலையில் அளவு குறித்த உலோகச் சட்டத்தைப் பொருத்துவர். எக்ஸ்ரே துணையால் மூளையின் ஆழத்திலுள்ள ஓர் இலக்கைக் கணக்கிடுவர். சிறு துளை வழியே மெல்லிய கம்பியை அவ்விலக்குக்குச் செலுத்தி, அங்குள்ள சிறு பகுதியை மட்டும் அழிப்பர். இலக்குகள் இரண்டு. ஒன்று அமிக்டலா: அச்சமும் சினமும் எழுவதில் பங்கு கொள்ளும், பாதாம்பருப்பு வடிவான பகுதி. மற்றொன்று ஹைப்போதலாமசின் பின்பகுதி: உணர்ச்சி எழும்போது இதயத்தை விரையச் செய்து உடலைப் போருக்கு ஆயத்தமாக்கும் இடம். ஜப்பானில் நாராபயாஷி அமிக்டலாவில் செய்த அறுவைகளை 1963இல் வெளியிட்டார். சானோ ஹைப்போதலாமசில் செய்தார். சானோ வழங்கிய 'அமைதியூட்டும் நரம்பு அறுவை' என்ற பெயரையே சென்னை மருத்துவர்களும் ஏற்றனர்.

1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை, நடத்தைக் கோளாறுக்காகச் செய்யப்பட்ட 603 அறுவைகளைக் கணக்குக் காட்டுகிறது. அவற்றுள் 481 அமிக்டலாவின் இருபுறமும் செய்யப்பட்டவை. அது பயன்தராதவிடத்து ஹைப்போதலாமசில் செய்யப்பட்டவை 122. உலகில் ஓரிடத்தில் இவ்வகையில் செய்யப்பட்ட பெருந்தொகைகளுள் இது ஒன்று. நோயாளிகளுள் காக்காய் வலிப்போடு வெறியும் கொண்டவர்கள் இருந்தனர். மூளைக்காய்ச்சலால் அறிவு மழுங்கியவர்கள் இருந்தனர். ஓயாமல் ஓடி, உடைத்து, தம்மைத் தாமே கடித்துக் காயப்படுத்திக்கொண்ட சிறுவர் சிறுமியரும் இருந்தனர்.

இந்த மருத்துவர்களைக் கொடியவர் என்று கூற நாம் முற்படவில்லை. அவர்கள் மறைவில் செய்யவில்லை, செய்ததை எழுதினர், உலகின் முன் வைத்தனர். அவர்களிடம் வந்த குழந்தைகளின் பெற்றோரும் கொடியவர் அல்லர். கூலிக்குப் போகவேண்டிய தாய், குழந்தையைத் தூணில் கட்டிவிட்டுப் போனாள் என்றால், அந்தக் கயிற்றை முறுக்கியது வறுமை. கட்டவிழ்க்க ஒரு வழி உண்டு என்று மருத்துவர் சொன்னபோது அவள் கைகூப்பியிருப்பாள். இவ்வளவையும் ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது.

வெற்றி எதைக் கொண்டு அளக்கப்பட்டது? நோயாளி மருந்தின்றி இருக்கிறானா? மற்றவர்களோடு கலந்து பழக முடிகிறதா? வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறதா? இவையெல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் இவை பார்ப்பவரின் கேள்விகள், பராமரிப்பவரின் கேள்விகள். "உனக்கு எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு இந்த அளவுகோலில் இடம் எங்கே? பேச்சே வராத குழந்தையிடம் அதை எப்படிக் கேட்பது என்பீர்கள். கேட்க முடியாது என்பதே, அறுப்பதற்கு முன் நூறு முறை தயங்கவேண்டிய காரணம் ஆகாதா?

அடக்கம் என்ற சொல்லைத் தமிழர் நன்கறிவர். அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அது ஒருவன் தன்னைத் தான் ஆளும் ஆற்றல். அதனால்தான் அது உடைமை. ஒருவனைப் பிறர் அடக்குவதோ வேறு. 'அடங்கிக் கிட' என்ற கட்டளை இந்நாட்டில் யார்க்கு இடப்பட்டது? சேரியில் வாழ்ந்தவர்க்கு, வீட்டுக்குள் பூட்டப்பட்ட பெண்ணுக்கு, கைம்பெண்ணுக்கு. அடங்கினால் நல்லவள், அடங்காவிட்டால் பிடித்தது பேய்! ஆகவே, 'இப்போது அமைதியாகிவிட்டான்' என்ற சொல் காதில் விழும்போது, மகிழ்வதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்க நம் வரலாறே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்த அச்சம் வீண் அச்சமன்று. 1967இல் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மார்க், ஸ்வீட், எர்வின் என்ற மூன்று மருத்துவர்கள், கலகத்தில் வன்முறை செய்வோர்க்கு மூளைக்கோளாறு இருக்கக்கூடுமே, அதை ஆராய வேண்டாமா என்று அந்நாட்டு மருத்துவச் சங்க இதழுக்கு எழுதினர். வேலையில்லை, வீடில்லை, நீதியில்லை என்று தெருவுக்கு வந்தவனின் அமிக்டலாவை அளக்கப் புறப்பட்டது அறிவு! எதிர்ப்பு மூண்டது. 1973இல் டெட்ராயிட் நகர வழக்கொன்றில், கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்ட ஒருவர், வெளியே விடப்படுவதற்கு வேறு வழி காணாமல், சோதனை நிலையிலுள்ள மூளை அறுவைக்குத் தரும் ஒப்புதல் உண்மையான ஒப்புதல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975இல், நாராபயாஷியும் சானோவும் வாழ்ந்த ஜப்பானிலேயே, மனநல மருத்துவர்களின் சங்கம் மூளை அறுவைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

கத்தியன்றி வேறு வழியே இல்லையா? இருந்தது, இந்த மண்ணிலேயே இருந்தது. சர்ப்பகந்தி என்ற மூலிகை மனவெறியைத் தணிக்கிறது என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்க மருத்துவர்கள் 1931இலேயே எழுதினர். அதிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின் உலகெங்கும் சென்றது. 1957இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கலாம் என்ற முறை வந்தது. கீழ்ப்பாக்கத்தில், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961 முதல் கண்காணிப்பாளராயிருந்து, உள்ளே அடைப்பதைக் குறைத்து, வெளியே வாழவைப்பதைப் பெருக்கப் பாடுபட்டார். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். ஒரே சென்னையில் ஒருபுறம் மூளையின் ஆழத்தை நோக்கிக் கம்பி சென்றது. மறுபுறம் மருத்துவமனையின் கதவு வெளிப்புறம் திறந்தது. எந்த வழியில் நோயாளி தன் பெயரோடும் தன் சொல்லோடும் வீடு திரும்பினான் என்பதை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

திருச்சிக்கும் இதில் பெருமை உண்டு. மனநல மருத்துவத்தை மாநகரத்து மதிலுக்குள்ளிருந்து மாவட்டத்து மக்களிடம் கொண்டு செல்லும் மாவட்ட மனநலத் திட்டம், தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது 1997இல் நம் மாவட்டத்தில்தான். அதே ஆண்டில்தான், முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே எழுந்தது. கொள்ளிடத்துக்கு அப்பால் 48 நாள் காத்திருக்கும் குடும்பம், பேருந்தில் ஏறி அரசு மருத்துவமனைக்கு வரலாம். காசின்றி மாத்திரை பெறலாம். வராமல் தடுப்பது தொலைவு மட்டுமன்று. 'பைத்தியம்' என்று ஊர் சொல்லும் என்ற வெட்கமும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்கிறது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி தருவதையும் தடுக்கிறது. அடுத்துள்ள 96ஆம் பிரிவு, மனநோய்க்கு மூளை அறுவை செய்வதற்கு முன், அறுவைக்கு உள்ளாகும் அவரே விவரம் அறிந்து ஒப்புதல் தரவேண்டும், மனநல மறுஆய்வு வாரியமும் இசைய வேண்டும் என்கிறது. முதற்பிரிவுக்குப் பின்னே ஏர்வாடியின் சாம்பல் இருக்கிறது. இரண்டாம் பிரிவுக்குப் பின்னே லிஸ்பனும் இருக்கிறது, சென்னையும் இருக்கிறது. சங்கிலிக்கும் கத்திக்கும் அடுத்தடுத்த பிரிவுகளில் கட்டு வகுத்தார்களே, அது பொருத்தமே!

ஆனால் வேலியில் ஓர் இடைவெளி உண்டு. அதே சட்டம் மனநோய் என்ற சொல்லை விளக்குமிடத்தில், அறிவு வளர்ச்சி தடைப்பட்ட நிலை அதில் அடங்காது என்று விலக்கி வைக்கிறது. நோயன்று, குறைபாடு என்று பிரித்தது அறிவியல்படி சரி. ஆயினும், சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால் என்ன ஆகும்? மனச்சிதைவு கொண்ட ஒருவனின் மூளையைத் தொடுவதற்கு அவன் ஒப்புதலும் வாரியத்தின் இசைவும் வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றி, வெறியும் கொண்ட குழந்தைக்கு அந்த 96ஆம் பிரிவின் காவல் இல்லை. மாற்றுத்திறனாளிகளை ஒப்புதலின்றி ஆராய்ச்சிக்கு ஆளாக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 'இது ஆராய்ச்சியன்று, சிகிச்சை' என்று ஒருவர் சொன்னால்? சென்னையில் அறுவை மேசைக்கு வந்தவர்களுள் வாய் திறந்து மறுக்க முடியாதவர்கள் எவரோ, அவர்களுக்கே வேலி இல்லை. அமிக்டலா அறுவை இன்று அரிதாகிவிட்டது உண்மையே. அரிதானது என்பதற்காக வேலியைத் திறந்து வைக்கலாமா?

மூளை அறுவை முற்றும் தீது என்று நாம் முடிவு கட்டவில்லை. இன்றைய மருத்துவம், மூளையை அழிக்காமல் ஆழத்தில் மின்முனை பொருத்தித் தூண்டும் முறையைக் கண்டுள்ளது. மாத்திரைக்கும் பேச்சு மருத்துவத்துக்கும் மசியாத கடும் எண்ணச் சுழற்சி நோய்க்கு அதை 2009இல் அமெரிக்க அரசு வரையறையோடு ஏற்றது. வேண்டாமெனில் மின்சாரத்தை நிறுத்தலாம். அறுத்த இழையை ஒட்ட முடியாது; நிறுத்திய மின்சாரத்தைப் பற்றி நோயாளியிடமே கருத்துக் கேட்கலாம். இவ்வேறுபாடு பெரிது. தன் துன்பத்தைத் தானே அறிந்து, தானே கேட்டு, மற்ற வழிகளையெல்லாம் பார்த்தபின் ஒருவர் அறுவையை விரும்பினால், அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! பேயோட்டும் இடத்துக்குச் செல்லும்போது நீங்கள் எடுத்துச் செல்லும் அதே கேள்விகளை மருத்துவமனைக்கும் எடுத்துச் செல்லுங்கள். இதற்குச் சான்று என்ன? எத்தனை ஆண்டு பார்த்தீர்கள்? தேறாதவர் எத்தனை பேர்? மீட்க முடியுமா? இதைவிட எளிய வழி ஒன்றும் இல்லையா? பூசாரி சினந்து எழுவான். நல்ல மருத்துவர் அமர்ந்து விடை சொல்வார். மனநலத் திட்டத்தின் மருந்து உங்கள் ஊருக்கு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில் மனு எழுதுங்கள். சட்டத்தின் இடைவெளியை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எடுத்துக் கூறுங்கள். தெருவில் ஒருவனைச் சுட்டி, "முன்பெல்லாம் கத்துவான், இப்போது அடங்கிவிட்டான்" என்று யாரேனும் சொன்னால், அவன் அருகில் சென்று அமர்ந்து, எப்படி இருக்கிறாய் என்று அவனிடம் கேளுங்கள்.